தற்செயல் இல்லாத காதல் கதை: இரு அப்பாக்களைப் பற்றி ஒரு நகைச்சுவை நாவல் எழுதிய அனுபவம்

காதல் நகைச்சுவைக் கதைக்குத் தற்செயல்தான் மூச்சு. தவறான ரயிலில் ஏறியவள் சரியான இருக்கையில் அமர்வாள்; ஒருவருக்கு எழுதிய கடிதம் இன்னொருவர் கைக்குப் போகும்; மழை வேண்டிய நேரத்தில் பெய்யும். குழந்தையும் பெரும்பாலும் அப்படித்தான், யாரும் கேட்காமலே வந்து கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிடும். மணமான இரண்டு ஆண்கள் பெற்றோராக விரும்புவதை நாவலாக எழுத நான் அமர்ந்தபோது, இந்த வடிவத்தின் மிகப் பழைய கருவி எனக்கு உதவாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கு எந்தக் குழந்தையும் தற்செயலாக வந்துவிடாது. ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவும் ஒரு கையொப்பமும் முன்பின் தெரியாத ஒருவரின் அனுமதியும் தேவைப்படும். அப்படிப்பட்ட பாதையில் காதலையும் சிரிப்பையும் எங்கே கண்டெடுப்பது என்று தேடியதில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே பொருளில் கதையோ திரைக்கதையோ எழுத நினைப்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

நான் தன்பாலீர்ப்பு கொண்டவன். துணைவருடன் வாழ்கிறேன்; ஆனால் தகப்பன் அல்ல. ஆகவே இந்த நாவலின் காதலை வாழ்ந்தறிந்தவனாகவும், பெற்றோராகும் பகுதியைக் கேட்டறிந்தவனாகவும் எழுத வேண்டியிருந்தது. முன்னதற்கு நேர்மை போதும். பின்னதற்குச் சட்டப் புத்தகமும் படிவங்களும் பொறுமையாகப் பதில் சொல்லும் மனிதர்களும் வேண்டும்.

வழக்கமான காதல் நகைச்சுவையில் இருவரும் சேர்வார்களா என்பதே கேள்வி. என் நாவலின் இருவரும் முதல் பக்கத்திலேயே சேர்ந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். ஒருவன் கணக்குத் தணிக்கையாளன். மற்றவன் பள்ளிகளில் நாடகப் பயிற்சி தருபவன். இவர்களைப் பிரித்துப் பின் சேர்த்துவைப்பது எளிய வழியாகத் தெரியும். அதை நான் தொடவில்லை. குழந்தைக்காக விண்ணப்பித்திருக்கும் இணையர் பிரிந்தால் நடைமுறை முழுவதும் நின்றுபோகும். அந்த அளவு பாரத்தை ஓர் அற்பச் சண்டையின் தலையில் ஏற்றினால் வாசகர் அந்தப் பாத்திரங்களை மன்னிக்க மாட்டார். அதற்குப் பதிலாக, இருவருக்கும் குழந்தை ஆசை உண்டு, ஆனால் மற்றவருக்கு இல்லை என்று இருவருமே நம்புகிறார்கள் என்பதை நாவலின் முதல் பகுதிக்கான முடிச்சாக வைத்தேன். என் தலைமுறையைச் சேர்ந்த பலர், தாம் யார் என்பதை ஏற்றுக்கொண்ட அன்றே தகப்பனாகும் எண்ணத்தையும் சேர்த்துக் கைவிட்டவர்கள். கைவிட்டதைத் துக்கமாகக் காட்டிக்கொள்ளாமல் அலட்சியமாகக் காட்டிப் பழகியவர்கள். நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளின் கூச்சலைப் பற்றி அளவுக்கு மீறி அலுத்துக்கொள்பவனைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவன்தான் போட்டியில் நடுவராக நின்றுகொண்டிருப்பான். என் நாவலில் இருவருமே அந்த நடுவர் வேலைக்குப் போட்டியிடுகிறார்கள்.

அடுத்து வந்தது இடமும் ஆண்டும். இந்தப் பொருளில் அவை பின்னணி அல்ல, கதையின் எலும்புக்கூடு. எந்த நாட்டில், எந்த ஆண்டில் கதை நடக்கிறது என்பது முடிவானால்தான் என்ன நடக்க முடியும் என்பதே தெரியும். நெதர்லாந்து 2001 ஏப்ரல் 1 அன்று தன்பாலினத் திருமணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது தத்தெடுக்கும் உரிமையையும் அதே நாளில் திறந்துவிட்டது. தைவான் 2019இல் திருமணத்தை ஏற்றாலும், இரத்த உறவில்லாத குழந்தையை இருவரும் சேர்ந்து தத்தெடுப்பதற்கு 2023 வரை காத்திருக்க வைத்தது. இத்தாலி, வெளிநாட்டுக்குச் சென்று வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறுவதையும் 2024இல் குற்றமாக்கியது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம், சட்டப்படி மணந்த ஆண்-பெண் இணையருக்கும், குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள், தத்தெடுக்கும் இணையர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும் என்கின்றன. தன்பாலினத் திருமணம் குறித்து 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்த விதியில் தலையிட மறுத்தனர். தனி ஆணாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

இந்தியாவை வைத்தும் நல்லதொரு நாவல் எழுதலாம். ஒருவன் மட்டும் காகிதத்தில் தகப்பனாக இருக்க, இன்னொருவன் அதிகாரி வரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் தங்கியிருக்கும் நண்பனாக வேடம் போடும் கதை அது. ஆனால் அதன் சிரிப்பு ஒளித்துவைப்பதிலிருந்து வரும். நான் எழுத விரும்பியது, ஒளிக்க எதுவுமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய இருவரின் கதையை. ஆகவே இங்கிலாந்தைத் தேர்ந்தேன். அங்கே 2002ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் 2005 டிசம்பர் 30 முதல் தன்பாலின இணையரும் சேர்ந்து விண்ணப்பிக்க வழிசெய்தது. 2014 மார்ச்சில் தன்பாலினத் திருமணங்கள் தொடங்கின. என் இணையர் அந்த முதல் ஆண்டிலேயே மணந்தவர்கள். கதை 2023இல் நடக்கிறது. இந்தப் பொருளில் எழுதுபவர் கதை நடக்கும் ஆண்டை முதலில் தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், சில ஆண்டுகள் முன்பின் ஆனாலும் ஓர் அத்தியாயமே பொய்யாகிவிடும்.

வாடகைத் தாய் முறையை எழுதுவதா, தத்தெடுப்பை எழுதுவதா என்பது வெறும் கதைத் தேர்வன்று; இரண்டிலும் காலம் ஓடும் விதமே வேறு. வாடகைத் தாய் முறையில் காலத்தை மருத்துவம் ஓட்டுகிறது: கருமுட்டை தருபவர் ஒருவர், சுமப்பவர் பெரும்பாலும் வேறொருவர், ஆய்வகத்தில் கரு உருவாகிச் சில நாட்கள் வளர்ந்து, கருப்பைக்கு மாற்றப்பட்டு, பின் சுமார் இரண்டு வாரம் ஒன்றும் செய்ய முடியாத காத்திருப்பு. யாருடைய விந்தணு என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்துச் சட்டத்தில் குழந்தையைப் பெற்றவரே பிறப்பின்போது தாய். ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் அதை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது. பிறந்து ஆறு வாரங்களுக்குப் பின் அவர் தரும் சம்மதத்தின் பேரிலேயே, இருவரையும் சட்டப்படி பெற்றோராக்கும் பெற்றோர் ஆணை கிடைக்கும். திகில் கதைக்குப் போதுமான பொருள் இதில் இருக்கிறது. ஆனால் அந்தத் திகிலின் மையத்தில் நிற்பவர் அந்தப் பெண். அவரை இரு ஆண்களின் மகிழ்ச்சிக்கான கருவியாக்கிவிட்டுச் சிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. இந்த வகைக் கதைகளில் கர்ப்பிணியின் பசியும் கோபமும் மலிவான சிரிப்புக்குப் பயன்படுவதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எனவே அதை ஓர் அத்தியாயமாக மட்டும் வைத்தேன். ஒரு விருந்தில், உற்சாகத்தின் உச்சத்தில், நெருங்கிய தோழி ஒருத்தி நான் சுமந்து தருகிறேன் என்று சொல்லிவிடுகிறாள். மறுநாள் அவளும் அதைப் பேசவில்லை, இவர்களும் பேசவில்லை. ஆனால் மூவரும் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. பல நாட்கள் நீடிக்கும் அந்த நாகரிகமான தவிர்ப்பு முழுவதும் நகைச்சுவை. கடைசியில் அவள் வந்து, முடியாது என்று சொல்கிறாள். காரணம் சொல்லாமல் சொல்கிறாள். காரணம் கேட்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்று உணரும் இடத்தில்தான் இருவரும் முதன்முறையாக ஒருவரோடொருவர் உண்மையாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் முடிவில் அவர்கள் தத்தெடுப்பைத் தேர்கிறார்கள். இன்னொன்று கிடைக்காததால் எடுத்த இரண்டாம் விருப்பமாக அது தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அங்குள்ள சமூகப் பணியாளர்களும் இதைத்தான் கூர்ந்து கேட்பார்கள்: முன் வைத்திருந்த கனவை முடித்துவைத்துவிட்டு வந்திருக்கிறீர்களா, அல்லது அதன் நிழலில் ஒரு குழந்தையை உட்காரவைக்கப் போகிறீர்களா?

நாவலின் உயிர், தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களின் வீட்டையும் வாழ்வையும் ஆராயும் இல்ல ஆய்வில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒப்புதல் நடைமுறை இரண்டு கட்டம். முதலாவது சுமார் இரண்டு மாதம்: குற்றப்பதிவுச் சோதனை, மருத்துவச் சோதனை, நற்சான்று. இரண்டாவது சுமார் நான்கு மாதம்: சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசவைக்கிறார். எப்படி வளர்ந்தீர்கள், எதற்குச் சண்டை போடுவீர்கள், யார் முதலில் இறங்கிவருவீர்கள், பணத்தை எப்படிக் கையாள்கிறீர்கள், முன்னால் யாரைக் காதலித்தீர்கள், அது ஏன் முறிந்தது. காதல் நகைச்சுவை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய கொடை இருக்க முடியாது. சாதாரணமாக எந்த மணவாழ்விலும் யாரும் கேட்காத கேள்விகளை, அரசு சார்பில் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்து கேட்கிறார். பதில் சொல்லாமல் இருக்க முடியாது, நடிக்கவும் முடியாது, ஏனெனில் அடுத்த அறையில் இருப்பவரிடமும் இதே கேள்வி போகும்.

நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்குத் தணிக்கையாளன் தயாராகவே இருக்கிறான். வரிக் கணக்கில் உதவி கேட்டு நாடகக்காரன் தன் அலுவலகத்துக்கு வந்த நாளைத் தேதியுடன் சொல்கிறான். நாடகக்காரன் சொல்லும் பதில் அவனுக்குத் தெரியாது. வாசகருக்கும் அப்போது தெரியாது. இங்கே ஒரு நடைமுறை விவரம் எனக்குக் கைகொடுத்தது: சமூகப் பணியாளர் எழுதும் அறிக்கை ஒப்புதல் குழுவின் முன் போவதற்கு முன்னால் விண்ணப்பதாரர்களிடம் காட்டப்படும்; அவர்கள் படித்துக் கருத்துச் சொல்லலாம். தணிக்கையாளன் பிழை திருத்தும் பேனாவோடு அறிக்கையைப் படிக்கிறான். இரண்டாம் விண்ணப்பதாரர், முதலாம் விண்ணப்பதாரரை ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் பார்த்ததாகவும், வரிக் கணக்கில் தமக்கு எந்தச் சிக்கலும் இருக்கவில்லை என்றும், பேச்சைத் தொடங்குவதற்காகவே ரசீதுகளைக் கலைத்து எடுத்துச் சென்றதாகவும் தெரிவித்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. தற்செயல் என்று இத்தனை ஆண்டுகள் அவன் நம்பிவந்த ஒன்றும்கூடத் தற்செயல் அல்ல. குழந்தையைப் போலவே அவனும் திட்டமிட்டு விரும்பப்பட்டவன்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது தெளிவானது ஒன்று: அலுவலக நடையை அலுவலக நடையாகவே விட்டுவிட வேண்டும். தெரிவித்தார், குறிப்பிட்டார், எனக் கூறினார் என்ற வறண்ட வினைமுற்றுகளுக்கு நடுவில்தான் காதல் தெரியும். அதில் ஓர் உருவகம் சேர்த்தாலும் சிரிப்பும் போய்விடும், நெகிழ்வும் போய்விடும். என் துணைவர் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "உன்னைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை எழுதச் சொன்னால் எனக்கு ஆறு மாதம் போதாது," என்றார். பாராட்டா புகாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நற்சான்று விவகாரமும் அப்படியே நாடகம்தான். மூன்று பேரைப் பரிந்துரைக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு மேல் உறவினராக இருக்கக்கூடாது. வாழ்நாள் நண்பர்களில் யார் நம்மைப் பற்றி நல்லது சொல்வார் என்பதைவிட, யார் உண்மையைச் சொன்னாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தத் தேர்வின் அடிப்படை. சேர்ந்து வாழ்ந்த முன்னாள் துணையிடம் சமூகப் பணியாளர் பேசுவதும் உண்டு. வேறெந்தக் காதல் கதையிலும் முன்னாள் காதலன் நடுவழியில் தோன்றுவதற்குச் செயற்கையான காரணம் ஒன்றைக் கட்ட வேண்டும். இங்கே அரசே அவனை அழைத்துவருகிறது. அவனை வில்லனாக்காமல், சற்று அதிகமாகவே புகழ்ந்து பேசுபவனாக்கினேன். பழைய காதலனின் தாராளமான நற்சான்றைக் காட்டிலும் ஒரு கணவனைத் தூங்கவிடாமல் செய்யும் ஆவணம் வேறில்லை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவனை மென்மையானவனாகவும் இன்னொருவனை முரடனாகவும் வைத்து, கணவன்-மனைவி நகைச்சுவையை அப்படியே ஆண்கள் மேல் போர்த்துவது நம் திரையில் நெடுநாளாக நடந்துவரும் அவமரியாதை. அதைத் தவிர்த்தாலே பாதி நகைச்சுவை தானாக நல்லதாகிவிடும். இருவரில் யார் அம்மா என்ற கேள்வி வராமல் இராது. அதை ஒரே ஒருமுறை, நன்கு படித்த ஒரு பெரிய மனிதர் வாயில் வைத்தேன். தணிக்கையாளன் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, வீட்டு வேலைகளை இருவரும் எந்த விகிதத்தில் பகிர்கிறார்கள் என்ற அட்டவணையை எடுத்துக் காட்டி, உங்கள் வீட்டில் எப்படி என்று அக்கறையோடு கேட்கிறான். அந்தப் பெரிய மனிதரின் மனைவி பதிலை ஆவலோடு எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார்.

ஒப்புதல் குழுவின் கூட்டத்தைச் சில பக்கங்களில் முடித்துவிட்டேன். குழு பரிந்துரைக்கும், நிறுவனத்தின் பொறுப்பாளர் முடிவெடுப்பார். நாடகத்துக்கு ஏற்ற இடம் போலத் தோன்றினாலும், அதற்குள் எல்லாம் சொல்லி முடிக்கப்பட்டிருக்கும்.

சிரிப்பை முழுவதுமாக நிறுத்திவைத்த இடம் ஒன்று உண்டு. எப்படிப்பட்ட குழந்தையை ஏற்க முடியும் என்று கேட்கும் படிவம் அது. வயது, உடன்பிறப்புகள், உடற்குறைபாடு, பரம்பரை நோய்க்கான வாய்ப்பு, கருவிலிருந்தபோது மதுவின் பாதிப்பு, அனுபவித்த வன்முறை என ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, பேசலாம் என்று குறிக்க வேண்டும். இங்கிலாந்தில் தத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெற்றோரின் பராமரிப்பிலிருந்து நீதிமன்றத்தின் வழியாக விலக்கப்பட்ட குழந்தைகள். தொட்டிலில் கிடைக்கும் அநாதைகள் அல்லர். ஒவ்வொரு முடியாது என்ற குறியும் எங்கோ இருக்கும் ஒரு குழந்தையைத் தாண்டிப் போவதுதான் என்பதை இருவரும் அறிவார்கள். இத்தகைய இடத்தில் நகைச்சுவை எழுத்தாளன் செய்யக்கூடியது, வேடிக்கையைத் தேடாமல் அருகில் உட்கார்ந்திருப்பது. அந்த அத்தியாயத்தில் எப்போதும் பேசிக்கொண்டேயிருக்கும் நாடகக்காரன் பேசுவதில்லை. எப்போதும் கட்டங்களை நிரப்பும் தணிக்கையாளனால் கட்டங்களை நிரப்ப முடிவதில்லை.

அறிமுக நாட்களில் சிரிப்பு திரும்பிவந்தது. குழந்தை தற்காலிகப் பராமரிப்பாளர் ஒருவரின் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். சந்திப்புக்கு முன்பே, வரப்போகும் பெற்றோர் தங்கள் படங்களும் வீட்டின் படங்களும் கொண்ட சிறு புத்தகம் ஒன்றைத் தயாரித்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒரு பொம்மையும் உடன் போகும், வீட்டின் வாசனை அதில் ஏறியிருக்கட்டும் என்று சில நாள் அதைப் படுக்கையில் வைத்திருப்பார்கள். ஒரு பொம்மையோடு முறைவைத்து உறங்கும் இரண்டு நடுத்தர வயது ஆண்களைப் பற்றி நான் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சந்திப்புகள் முதல் நாள் சற்று நேரம், பின் ஒரு வேளைச் சாப்பாடு, பின் குளியல், பின் உறங்கவைத்தல் என்று ஒழுங்காக நீளும். என் நாவலின் நான்கு வயதுச் சிறுவன் அவர்களைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, படத்திலிருந்த துணி துவைக்கும் இயந்திரம் ஏன் வரவில்லை என்பது. விமான நிலையத்தை நோக்கிக் கடைசி நிமிடத்தில் ஓடும் காதலனுக்குப் பதிலாக, அடுத்த சந்திப்புக்குள் அந்த இயந்திரம் சுற்றுவதைப் படம்பிடித்துவரப் படாதபாடு படும் இருவர் என் நாவலின் உச்சக்காட்சியில் இருக்கிறார்கள். பராமரிப்பாளருக்கும் அந்த வாரத்தில் ஓர் இழப்பு நடக்கிறது என்பதை மறக்காமல் அவருக்கு நல்ல வசனங்களைக் கொடுத்தேன்.

கைப்பிரதியை எனக்குத் தெரிந்த மூவரிடம் கொடுத்தேன்: தத்தெடுத்த ஒரு தகப்பன், ஓய்வுபெற்ற ஒரு சமூகப் பணியாளர், தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர். முதல் இருவரிடம் உணர்வுகளைச் சரிபார்க்கச் சொல்லாமல் வரிசையைச் சரிபார்க்கச் சொன்னேன்; எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வரும், யார் யாரை எப்போது தொலைபேசியில் அழைப்பார்கள் என்று கேட்டால் உணர்வு தானாக வெளியே வரும். மூன்றாமவரின் வாசிப்பே நாவலுக்கு அதிகம் உதவியது. சிறுவன் யாருக்காவது நன்றி சொல்லும் இடம் வருகிறதா என்று மட்டும் அவர் தேடிப் பார்த்தார். இல்லை என்றதும் மீதியைச் சிரித்துக்கொண்டே படித்ததாகச் சொன்னார்.

எங்கே முடிப்பது என்பதில் ஒரு நடைமுறைக் குறிப்பு. குழந்தை குறைந்தது 10 வாரங்கள் உடன் வாழ்ந்த பிறகே தத்தெடுப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க முடியும். ஆணை கிடைத்த பின் நீதிமன்றத்தில் நடக்கும் கொண்டாட்ட அமர்வில் நீதிபதி குழந்தையுடன் படம் எடுத்துக்கொள்வதுண்டு. கதையின் முடிவுக்கு அது மிக வசதியான காட்சியாகத் தெரியும். ஆனால் அந்த அமர்வுக்கு முன்பே எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும் என்பதால் அதில் கேள்வி எதுவும் மிச்சமிருக்காது. மேலும், ஆணைக்கான விசாரணை பெற்ற தாய்க்கும் அறிவிக்கப்படும். எதிர்க்க அனுமதி கோர அவருக்கு வழியுண்டு. அதை மறைத்துவிட்டுக் கொண்டாட்டத்தை மட்டும் காட்டுவது சரியாகப் படவில்லை. ஆகவே என் நாவல், 10 வாரம் முடிந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் மாலையில் முடிகிறது. தணிக்கையாளன் எழுதுகிறான், நாடகக்காரன் உரக்கப் படிக்கிறான், தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று சிறுவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.